சரோஜா அக்கா நடந்து காட்ட மறுத்த நாள்

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு,

வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து இருக்கைக்காரர் யாராவது நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "இந்த மாதிரி ஃபிரேம் வந்தா கலை மிரர் போட்டுடு, டைம் மிச்சம்" என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தக் கலை நான்தான். அந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்தவள், அதற்காகக் கைதட்டல் வாங்கியவள், பிறகு அதைத் தடை செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தவள், மூன்றும் நானே. தடை செய்து ஒரு வருடம் ஆகிறது. இன்னமும் அது ரகசியமாகக் கைமாறி உங்கள்வரை வந்திருக்கிறது என்று போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துகொண்டேன். அதனால்தான் போவதற்கு முன்னால் இதை எழுதி வைக்கிறேன்.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக நரைத்த தலையோடு இருப்பார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெறவில்லை. என் ஒப்பந்தத்தை நிர்வாகம் நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் ஆறு வருடம் இந்த வேலை செய்திருக்கிறேன். இந்தத் தளத்தில் என்னைவிட அதிகம் பேர் நடப்பதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். பெரும்பாக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் "ஃபாதர் என்ன பண்றார்?" என்று கேட்டபோது எப்படிச் சொன்னேனோ, அதே குரலில்தான் இங்கேயும் சொல்கிறேன். வேலை கிடைத்த அன்று, அது என்ன வேலை என்று அம்மாவுக்கு விளக்கினேன். கேமராவில் ஆட்கள் நடப்பார்கள். அவர்களுடைய தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் நான் புள்ளி வைப்பேன். அதைப் பார்த்துப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளும். பிறகு முகமே தெரியாவிட்டாலும் நடையை வைத்து இன்னார் என்று அது சொல்லிவிடும்.

அம்மா யோசித்துவிட்டு, "ஊர்ல போறவ வர்றவ நடக்கறத பாக்கறதுக்கு ஒனக்குச் சம்பளமா? எங்க தெருவுல அத்த சும்மாவே செய்வாளுங்களே" என்றார்.

சிரித்தேன். அம்மா சொன்னதில் இருந்த விஷயம் எனக்கு அப்போது புரியவில்லை.

மிரர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத புள்ளியை 'மறைந்தது' என்று குறிக்க வேண்டும் என்பது விதி. ஒரு ஃபிரேமில் மறைந்த புள்ளிகள் அதிகமானால் அந்த ஃபிரேம் தள்ளுபடி, அன்றைய டார்கெட்டில் சேராது. வெளிநாட்டுப் பதிவுகளில் இது பிரச்சினையே இல்லை. அங்கே கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். நம் ஊரில் கையை வீசிக்கொண்டு நடப்பவர்கள் எத்தனை பேர்? இடுப்பில் குடம், இடுப்பில் குழந்தை, தோளில் பை, கையில் தண்ணீர் கேன். சுமை இருக்கிற பக்கத்தில் கையும் தெரியாது, இடுப்பும் தெரியாது. பாதி ஃபிரேம் தள்ளுபடியானது. டார்கெட் எட்டாமல் எங்கள் குழுப் பெண்கள் கழிப்பறையில் போய் அழுதார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தெரிகிற பக்கத்தின் புள்ளிகளை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, மறுபக்கம் ஒட்டினேன். வலது கை போவதுபோலவே இடது கையும் போகிறது என்று வைத்துக்கொள்வதுதான். சரிபார்க்கும் மென்பொருள் ஒரு முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒரே மாதத்தில் எங்கள் குழு முதலிடம். சாருக்கு வாயெல்லாம் பல். (நம் மேலாளரைத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.) சமோசா வரவழைத்து, எல்லாரையும் நிற்க வைத்து, "கத்துக்கோங்கப்பா, இதுக்குப் பேரு கலை மிரர்" என்றார். அடுத்த மாதமே நான் குழுத் தலைவி. பதினாலு பேருக்கு நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.

ஒருவருடைய வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசம்தான் அவருடைய நடை. சுமை தூக்கி நடக்கிற ஒவ்வொருவரிடமிருந்தும் அந்த வித்தியாசத்தை நான் துடைத்து எடுத்துவிட்டேன். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. சமோசா நன்றாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, செம்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடைய முதல் வாடிக்கையாளர் ஆனது. வேலையாட்கள் வருகிற சின்ன கேட்டில் ஒரு கேமரா, தரையில் ஒரு மஞ்சள் கோடு. வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் அந்தக் கோட்டின் மேல் ஒருமுறை நடந்தால் அவர்கள் நடை பதிவாகிவிடும். குடியிருப்பவர்களுக்கு ஒப்புதல் படிவம் கொடுத்தோம், வேண்டாம் என்றால் விட்டுவிட்டோம். வேலைக்கு வருகிற பெண்களுக்குப் படிவம் எதுவும் கொடுக்கவில்லை. "இப்படி நேரா நட" என்று காவலாளி சொன்னார், நடந்தார்கள். அந்தப் பதிவுகளை நானும் பார்த்தேன். படிவம் எங்கே என்று நான் கேட்கவில்லை. இதையும் என் தவறுகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்குச் சார் என் மேசைக்கு வந்தார்.

"கலை, செம்பாக்கத்துல ஒரு மேட்ச் வந்திருக்கு. ஒரு பார்வை பார்த்துட்டு சைன் பண்ணிடும்மா. பன்னெண்டு மணிக்கு அசோசியேஷன் செக்ரட்டரி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பறார்."

நடந்தது இதுதான். முந்தின நாள் ஒரு குடும்பம் பகலில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்தபோது பீரோ திறந்து கிடந்திருக்கிறது, ஓர் ஆரத்தைக் காணவில்லை. பின்பக்கப் படிக்கட்டுக் கேமராவில் ஒரு பெண் வேகமாக இறங்கிப் போகிறாள். முகத்தைச் சுற்றித் துப்பட்டா. இடது இடுப்போடு அணைத்து ஒரு துணிப்பை. நம் கருவி அவளுடைய நடையை வேலையாட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு பெயரைச் சொல்லிவிட்டது. சரோஜா. நாலு வீடுகளில் வேலை செய்கிற பெண்.

இப்படி வருகிற ரிப்போர்ட்டில் 'சரிபார்த்தவர்' என்று ஓர் இடம் உண்டு, பார்த்திருப்பீர்கள். கருவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால் ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதர் நான். உண்மையைச் சொல்கிறேன், பேனா மூடியைத் திறந்துவிட்டேன். அதுவரை வந்த எல்லாவற்றிலும் அப்படித்தான் போட்டேன்.

பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பைக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் இடது கை தெரியவே இல்லை. ஆனால் அந்த இடத்தில் கருவி புள்ளிகளை வைத்திருந்தது. புள்ளிகளை மட்டும் தனியாக ஓட விட்டேன். இடது கை, வலது கைபோலவே அழகாக வீசிக்கொண்டு போனது. பையை இடுப்போடு அணைத்திருக்கிற எந்தப் பெண்ணும் உலகத்தில் அப்படிக் கை வீசமாட்டாள். அது அந்தப் பெண்ணுடைய கை இல்லை. நான் சொல்லிக் கொடுத்த கை.

அந்தக் குடியிருப்பின் ஒரு வாரப் பதிவுகளைத் திறந்து, கருவி 'சரோஜா' என்று சொல்கிற இடங்களை எல்லாம் தேடினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற ஓர் அம்மா, சரோஜா. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, சரோஜா. வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர், தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து போகிறார், அவரும் சரோஜா.

சாரிடம் காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருக்காவது காட்டினியா?"

"இல்ல சார்."

"அடுத்த மாசம் கான்ட்ராக்ட் ரினியூ பண்ணணும். இப்பப் போய் கருவியே தப்புன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? உன் டீம்ல பதினாலு பேர் கலை."

பயமாக இருந்தது. பதினாலு பேரின் முகமும் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "கோட்டுல நடந்தப்பவும் அவங்க தோள்ல பை இருந்திருக்கு. அவங்களைப் பை இல்லாம ஒரு தடவை நடக்க வெச்சுப் பார்க்கலாம் சார். வேற மாதிரி வந்தா, மேட்ச் இல்லைன்னு சொல்லிடலாம். கருவியைப் பத்தி எதுவும் சொல்ல வேண்டாம்." சாருக்கு உயிர் வந்தது. உடனே காரை எடுத்தார்.

என் குறுக்குவழியைவிடப் பெரிய தவறு இதுதான். கருவியின் குற்றத்தை மறைக்க, குற்றம் செய்யாத ஒருத்தியை மறுபடியும் அதே கருவிக்கு முன்னால் நிறுத்தலாம் என்று நினைத்தேன். அது நல்ல யோசனை என்றும் நம்பினேன்.

சங்க அலுவலகத்தில் செயலாளர் காத்திருந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர் என்று சார் சொன்னார். ஆளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் கேன் தூக்கிப் போன வழுக்கைத் தலைப் பெரியவர் அவர்தான். சுவர் ஓரமாகச் சரோஜா அக்கா நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். இடது தோளில் மாட்டிய பை இடுப்போடு ஒட்டி இருந்தது. ஒரு நாற்காலி காலியாக இருந்தும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"சரோஜா, கம்பெனிலேருந்து வந்திருக்காங்க. பையை இங்க வெச்சிட்டு அந்த மஞ்சக் கோட்டுல ஒரு தடவை நடந்துடு. ரெண்டு நிமிஷ வேலை" என்றார் செயலாளர்.

"எதுக்கு சார்?"

"நீ எடுக்கலன்னு ப்ரூவ் ஆயிடும்ல?"

"எடுக்கலன்னு காலைலேருந்து சொல்லிகினுதான கீறேன். அப்பால இன்னாத்துக்கு நடந்து காட்டணும்?"

"தப்பு பண்ணலன்னா நடக்கறதுக்கு என்ன பயம்?"

"நீங்க நடங்களேன் சார். ஒங்களுக்கும் பயம் இல்லல்ல?"

வாசலில் நின்ற காவலாளி சிரிப்பை அடக்க இருமினார். செயலாளரின் முகம் சிவந்தது. நான் குறுக்கே போனேன். "அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். ஒரே ஒரு தடவை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த ஏரியா?"

"பெரும்பாக்கம்."

"எந்த பிளாக்கு?"

சொன்னேன்.

"அப்ப நம்ம பொண்ணுதான். லிப்ட்டு ஓடாம தண்ணி தூக்கினு ஏழு மாடி ஏறனவதான நீயும்? படிச்சிட்டு வந்து எங்கள நடக்கவுட்டு வேடிக்க பாக்கறியா?"

அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி இந்தக் கோட்டுல நடன்னீங்க. ஆதார் ஜெராக்ஸ் மாதிரி இன்னாவோ ஒண்ணுன்னு நெனச்சி நடந்தேன். அதுல இன்னிக்கி திருடி ஆயிட்டேன். இன்னிக்கும் நடந்தா நாளைக்கி இன்னா ஆவேன்?"

செயலாளர் அவருடைய பையைப் பார்த்தார்.

"பைய பாக்கணுமா? பாரு." பையைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார். டிபன் டப்பா, மாற்றுப் புடவை, ஒரு மாத்திரை அட்டை. பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போனார். மேசையிலிருந்து வாசலுக்கு ஆறு அடி.

அந்த ஆறு அடியை நான் பார்த்தேன். மற்றவர்கள் கோபமாகப் போகிற ஒரு பெண்ணைப் பார்த்திருப்பார்கள். வருடக்கணக்காக இடுப்பையும் முழங்காலையும் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. ஒரு கால் இடுப்பிலிருந்தே சரியாகத் திரும்பவில்லை. அந்தப் பாதம் ஒரு நொடி தாமதமாகத் தரையைத் தொட்டது. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு படியில் கால் மாற்றிக் கால் வைத்து இறங்க முடியாது. இரண்டு காலையும் ஒவ்வொரு படியிலும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க முடியும். பதிவில் இருந்தவளோ தடதடவென்று இறங்கி ஓடியிருந்தாள்.

பொருள்களைப் பைக்குள் அள்ளிப் போட்டு எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்க கால்…"

அவர் முகம் மாறியது. "எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. நானா பார்த்தேன். உங்களால அப்படிப் படி எறங்க முடியாது. இதை உள்ள போய்ச் சொன்னா இப்பவே முடிஞ்சிடும்கா."

"முடிஞ்சிடும். என் பொழப்பும் சேர்ந்து முடிஞ்சிடும்." பையை என் கையிலிருந்து பிடுங்கித் தோளில் மாட்டினார். "தண்ணி தூக்கினு வர்றப்ப எங்க பிளாக்கு படில உருண்டேன். ரெண்டு வருசமாச்சி. பை மாட்டினா அந்தக் கனத்துல சாயறேன்னு நெனப்பாங்க, கால் தெரியாது, அதான் எப்பவும் மாட்டிகினே கீறேன். கால் போனவன்னு தெரிஞ்சா இங்க எவ வேல குடுப்பா? திட்டமாட்டாங்க. பாவம் சரோஜா, வூட்ல ரெஸ்ட் எடும்பாங்க. நாலு வூட்லயும் அதயேதான் சொல்லுவாங்க."

"அப்ப ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாங்களேக்கா."

"போவட்டும். அங்கயும் எடுக்கலன்னுதான் சொல்லுவேன். கால பத்தி நீ வாயத் தொறந்தே, அப்பால நம்ம பக்கம் தல காட்டாத."

(இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். "பேர மாத்து. எந்தக் காலுன்னு போடாத. மத்தபடி எழுதிக்கோ" என்றார். சரோஜா என்பது அவர் பெயர் இல்லை.)

மணி பதினொன்றே முக்கால். எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அவருடைய காலைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், அவரும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன், கருவியும் தப்பிக்கும், பதினாலு பேர் வேலையும் தப்பிக்கும். எல்லாருக்கும் வசதி. அதற்கான விலையை அவர் ஒருவர் கொடுப்பார். அவருடைய உடம்பில் எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்று அவர் எடுத்த முடிவை, நல்லது செய்கிற பெயரில் நான் உடைக்க வேண்டும். இன்னொரு வழி, என் தவறை நானே எழுதுவது.

திரும்பி உள்ளே போய், காலியாக இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். சார் என் காதோரம் குனிந்தார். "கலை, என்ன பண்ற?"

"ரிப்போர்ட் எழுதறேன் சார்."

தமிழிலேயே எழுதினேன். இந்தக் கருவியால் சுமை தூக்கி நடக்கிறவர்களைப் பிரித்து அடையாளம் காண முடியாது. காரணம், பயிற்சிப் பதிவுகளில் மறைந்த புள்ளிகள் பொய்யாக நிரப்பப்பட்டன. நிரப்பும் முறையைக் கண்டுபிடித்துக் கற்றுக் கொடுத்தவள் நான். இந்தப் பெயர்ப் பொருத்தம் செல்லாது, அந்த நிரப்பும் முறையைத் தடை செய்ய வேண்டும். அதற்குக் கீழே, கருவி அதே வாரத்தில் 'சரோஜா' என்று சொன்ன மற்றவர்களின் பட்டியல். மூன்றாவது வரியில், சங்கச் செயலாளர், தண்ணீர் கேனுடன்.

"உன் தப்புன்னு நீயே எழுதிக் குடுக்கறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார் சார். இந்த முறை காதோரம் இல்லை, எல்லாருக்கும் கேட்டது.

"நடந்ததைத்தான் எழுதறேன் சார்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செயலாளர் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார். மடிக்கணினியைத் திருப்பி அந்தப் பதிவைக் காட்டினேன். அவர் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார், தலைக்கு மேலே சரோஜா என்று எழுத்து மின்னுகிறது.

"என்னை யாரைக் கேட்டு எடுத்தீங்க?" மேசையைத் தட்டினார். "நான் ஃபார்ம்ல வேண்டாம்னு டிக் பண்ணியிருக்கேன்! என் பர்மிஷன் இல்லாம நான் நடக்கறதை எவன் பார்க்கச் சொன்னது? திஸ் இஸ் மை ப்ரைவசி!"

"உங்க கோபம் நியாயம் சார். உங்களைப் பதிவு பண்ணல. கேமரா முன்னாடி போற எல்லாரையும் அது பார்க்கும். ஆனா உங்ககிட்ட ஒரு ஃபார்மாவது குடுத்தோம். அவங்களுக்கு அதுவும் குடுக்கல."

அவர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனார். புகாரில் எந்தப் பெயரும் இல்லை. ஆரம் கிடைத்ததா, யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி, இது சரோஜாவா என்று. தெரியாது என்பதுதான் அதற்கு நேர்மையான பதில்.

காரில் திரும்பும்போது சார், "வெளியில அவங்ககிட்ட என்ன பேசின?" என்று கேட்டார்.

"அது அவங்க சொந்த விஷயம் சார்."

"நான் உன் மேனேஜர்."

"அவங்களுக்கு இல்லையே சார்."

கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது, இனி நான் குழுத் தலைவியாக இருப்பது கஷ்டம் என்றார். எதிர்பார்த்ததுதான்.

கான்ட்ராக்ட் பாதியாகக் குறைந்தது, மிரரைத் தடை செய்தார்கள். பதினாலு பேரில் யாருக்கும் வேலை போகவில்லை, ஆனால் மூன்று மாதம் எல்லாரும் பழைய சுமைப் பதிவுகளைத் திறந்து, என் பொய்ப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். என்னோடு யாரும் டீ குடிக்க வரவில்லை. "ஒரு கண்ணாடியும் செஞ்சே, அதை நீயே உடைச்சே, கூட்டறது மட்டும் நாங்களா?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. அவளுடைய பங்கையும் சேர்த்துச் செய்தேன். ஆனால் அந்தத் தாளை எழுதியதற்காக ஒருநாளும் வருந்தவில்லை. இப்போது ஒப்பந்தத்தை நீட்டிக்காததற்கும் அதுதான் காரணம் என்றால் இருக்கட்டும்.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். மறைந்த புள்ளியை மறைந்தது என்றே குறியுங்கள். டார்கெட் குறைந்தால் குறையட்டும், டார்கெட்டைத் திருத்தச் சொல்லிச் சண்டை போடுங்கள். யாரோ ஒருவர் தன்னைப் பற்றி மறைத்து வைத்திருப்பதை நிரப்புகிற உரிமையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. பல வருடம் பார்த்த பிறகு, ஒருவர் நடப்பதை வைத்தே அவருக்கு எங்கே வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு பெண்ணின் கர்ப்பத்தை அவளுடைய மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். அதைத் திறமை என்று சொல்லி உங்களைப் பாராட்டுவார்கள். தெரிந்ததை எல்லாம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. தெரியாததை எழுதவே கூடாது. கையெழுத்துக் கேட்டு யாராவது கடிகாரத்தைக் காட்டினால், அன்றைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு வாரத்தில் சரோஜா அக்கா காவலாளியிடம் என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். "என் நடைய அழிச்சிக் குடு. அழிச்சத நான் பாக்கணும்."

அழிப்பதற்கு என்று ஒரு பொத்தானே நம் மென்பொருளில் அப்போது இல்லை. யாராவது அழிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. சாருக்கு மூன்று மின்னஞ்சல் எழுதி அனுமதி வாங்கி, கையாலேயே அழித்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தக் குடியிருப்பின் வெளியே போய் நின்றேன். அக்கா வந்தார். கூடவே வேலைக்கு வருகிற இன்னும் ஏழெட்டுப் பெண்கள். கைப்பேசியில் அவர் பெயரைத் தேடிக் காட்டினேன்.

"இல்லன்னு போட்டிருக்குக்கா."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ சொல்றத வெச்சிதான் நம்பணும். வேற எங்கியும் காப்பி இல்லியா?"

சத்தியம் செய்ய நினைத்தேன். முடியவில்லை. சர்வர் எங்கே இருக்கிறது, அதன் நகல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

"தெரியலக்கா."

அவர் சிரித்தார். "பரவால்ல. உங்க ஆளுங்கள்ல தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீதான்."

கேமரா இருக்கிற சின்ன கேட் எங்களுக்கு நேராக இருந்தது. அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கார்கள் போகிற பெரிய வாசலை நோக்கி நடந்தார். குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகத் தடுப்புக் கட்டை. மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் பின்னால் போனார்கள்.

காவலாளி தன் அறையிலிருந்து ஓடி வந்தார். "யக்கா, யக்கா, இது கார் போற வழி!"

"இனிமே நாங்களும் இப்படித்தான் போவோம். பாத்திரம் கழுவணுமா வேணாமான்னு உள்ள கேட்டுக்கோ" என்றார் சரோஜா அக்கா. "தூக்குப்பா, நேரமாவுது."

காவலாளி மேலே பால்கனிகளைப் பார்த்தார். கட்டைக்கு முன்னால் வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு கட்டையைத் தூக்கும் பொத்தானை அழுத்தினார்.